கதிர்வீச்சைக் கழுவும் பால்

குல்ஸிராவுக்கு உட்காரவே வராது. ஒட்டகத்தை நின்றுகொண்டே கறந்து கறந்து வந்த வியாதி என்று அவள் கணவன் கென்ஜெதாய் சொல்வான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மடி மனுஷியின் இடுப்புக்கு மேலே தொங்கும். ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடித்து, அந்தத் தொடைமேல் பாத்திரத்தை நிறுத்தி, குட்டியை முதலில் சப்பவிட்டு, அது நுரை ஒழுகும் வாயை எடுத்த நொடியில் கையை வைத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் தாய் பாலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு சும்மா நிற்கும். முப்பது வருஷமாக அப்படி அவசரப்பட்டே பழகியவள் எந்த நாற்காலியில் நிம்மதியாக உட்காருவாள்?

ஆனால் அந்தக் கோடையில் வந்த தவிப்பு வேறு.

பால்காஷ் ஏரியை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையில், சாரிஜாகா ஊருக்குத் திரும்பும் முனையில் அவள் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு குடை, ஈரச்சாக்கு சுற்றிய பாட்டில்கள், ஒரு விளம்பரப் பலகை. காலையில் வந்ததும் பலகையைப் பார்ப்பாள். போய் உட்காருவாள். உடனே எழுந்து வந்து மறுபடி பார்ப்பாள். பலகையில் மேல்வரி பழையது: "ஒட்டகப்பால் ஷுபாத். நன்றாகப் புளித்தது." கீழ்வரியை வசந்தத்தில் மகன் தவ்ரென் சிவப்புப் பெயிண்டில் எழுதிச் சேர்த்தான்: "உடம்பிலிருந்து கதிர்வீச்சைக் கழுவும்."

அந்த வரி வந்த கதை சின்னது. பனி உருகிய சமயம் அல்மாத்தி நகரத்திலிருந்து வந்த கார் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பெண் இறங்காமலே கேட்டாள்.

"ஏம்மா, இங்கதானே அணு நிலையம்?"

"கட்டப்போறதா பேச்சு. இப்போ தரையில ஓட்டை போட்டு மண்ணைப் பாத்துட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

"அய்யோ, அப்போ காத்துல இருக்குமே! ஏங்க, கண்ணாடிய ஏத்துங்க." ஏற்றிய கண்ணாடியின் இடுக்கு வழியாகவே அடுத்த கேள்வி வந்தது. "இந்தப் பால் குடிச்சா உடம்புல இருக்கற கதிர்வீச்செல்லாம் போயிடும்ங்கறாங்களே, நெசமா?"

குல்ஸிரா பொய் சொல்லவில்லை. "எங்க பொறந்த ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். இருப்பதெல்லாம் கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். கார் போனபின் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்ற தவ்ரெனுக்கு, கொட்டகையில் கிடந்த பெயிண்ட் டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்து மேஜை க்லாவாவுடையது. புகையூட்டிய மீன் விற்கும் ரஷ்யக்காரி. இருவரும் ஒரே காற்றில் முகம் வெடித்து, ஒரே பிளாஸ்க்கில் தேநீர் குடித்து வருஷக்கணக்காகிறது. அந்தக் கோடையில் அவள் மீனை யாரும் தொடவில்லை. லாரிக்காரர்கள் நிறுத்துவார்கள், மீனைப் புரட்டிப் பார்ப்பார்கள், "ரெண்டு தலை மீன் கிடைக்குதாமே, வச்சிருக்கியா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிரித்தாலும் வாங்க மாட்டார்கள்.

"குல்யா, ஒண்ணு சொல்லு" என்றாள் க்லாவா. "ஏரியும் ஒண்ணு, காத்தும் ஒண்ணு. என் மீனுக்கு மட்டும் விஷம் ஏறிடுச்சு, உன் ஒட்டகத்துக்கு மட்டும் மருந்து சுரக்குதா?"

"நான் என்ன பண்ணட்டும்? வந்து கேக்குறாங்க."

"கேப்பாங்க, கேப்பாங்க. வோட்கா குடிச்சாலே கதிர்வீச்சு போயிடும்ங்கறான் என் வீட்டுக்காரன். அப்படின்னா அந்த ஆளு பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காது. அவனையே பாட்டில்ல அடைச்சு வித்துடலாமான்னு பாக்குறேன்."

குல்ஸிரா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்து பலகையைப் பார்க்கப் போனாள்.

அவள் பிறந்தது செமெய் பக்கம், பழைய அணுகுண்டுச் சோதனை நிலத்தின் ஓரத்து ஊர் ஒன்றில். பள்ளிக்கூடத்தில் பாடம் நடுவே யாராவது ஓடிவந்து டீச்சர் காதில் சொல்வார்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்ப் பள்ளத்தில் குப்புறப் படுக்கவைப்பார்கள். ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் சிலிர்ப்பதுபோல் வயிற்றுக்கடியில் தரை ஒருமுறை சிலிர்க்கும். உள்ளே திரும்பி வந்தால் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அம்மா குதிரைப்பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றி, "குடி. உள்ள போனதெல்லாம் வெளிய போகட்டும்" என்பாள். தம்பி யெர்மெக் வலதுகால் தொய்ந்தே பிறந்தவன். அவனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் ஊற்றுவாள். எங்கிருந்தோ டாக்டர்கள் வருவார்கள், ரத்தம் எடுப்பார்கள், அம்மா கேட்டால் தெரியாது என்றுவிட்டுப் போவார்கள். யெர்மெக் ஒன்பது வயதைத் தாண்டவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

பால் கழுவும் என்பதைக் குல்ஸிரா நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அம்மா நீட்டிய கிண்ணத்தை நம்பாமல் இருக்க முடியவில்லை. தம்பியை மறக்கவும் முடியவில்லை. இரண்டும் உள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டே கிடந்தன.

கென்ஜெதாய் வெல்டர். அவன் இளைஞனாக இந்தக் கரைக்கு வந்ததே ஒரு பெரிய மின்நிலையம் கட்டத்தான். ஐந்து மாடி வீடுகளைக் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், நிலையத்தை மட்டும் கட்டவில்லை. மின்நிலையத்துக்காகப் பிறந்த ஊரில் குளிர்காலத்தில் பாதிநாள் விளக்கு எரியாது. இப்போது அணு நிலையம் என்று பேச்சு வந்து, வேண்டுமா வேண்டாமா என்று நாடே அக்டோபரில் வாக்களிக்கப் போகிறது. மண் பரிசோதிக்கும் முகாமில் கென்ஜெதாய் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தவ்ரென் அங்கேயே தண்ணீர் லாரி ஓட்டினான். மேய்ச்சல்காரர்கள் ஓநாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் வந்துவிடும் என்று. அதேபோல ஊரில் பாதிப்பேர் நிலையத்தை "அது" என்றே சொன்னார்கள். கென்ஜெதாய் மட்டும் பெயர் சொல்லுவான், அதுவும் உரக்க.

"உங்க ஊர்ல வெடிச்சது குண்டு. இங்க வரப்போறது அடுப்பு. தண்ணியக் கொதிக்கவைக்கற அடுப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத."

"ரெண்டுலயும் ஒரே நெருப்புதானே கிழவா?"

"உன் அடுப்புலயும்தான் நெருப்பு இருக்கு. தினம் வெடிக்குதா?"

"உன்னைக் கட்டிக்கிட்டதுலேருந்து தினம் வெடிக்குது."

இப்படிப் பேச்சு சிரிப்பில் முடியும். ஆனால் சிரிக்காதவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள்: மருமகள் நஸெர்கே.

நஸெர்கேவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது தடவைக்குப்பின் நகரத்து டாக்டரம்மா ரத்தம் பார்த்து, தொண்டைச் சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது, காரணம் அதுவாக இருக்கலாம் என்றாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரையோடு உண்டானதுதான் இந்தப் பிள்ளை. குல்ஸிராவின் தூக்கம், எழுந்து எழுந்து உட்காரும் உட்காரல், பாதிக் கறவையில் வீட்டுப்பக்கம் திரும்பும் கழுத்து எல்லாம் அந்தப் பிள்ளை ஒன்றைச் சுற்றித்தான் இருந்தது. இது தங்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

தவ்ரென் வேலை முடிந்து வந்தால் நஸெர்கே அவனை வாசற்படி ஏறவிட மாட்டாள்.

"அங்கயே நில்லுங்க. சட்டையக் கழட்டுங்க. பேன்ட்டையும்தான்."

"தெருவே பாக்குதுடீ!"

"பாக்கட்டும். அந்த ஓட்டைப் புழுதியோட உள்ள வராதீங்க."

அவன் உள்ளாடையோடு நிற்க, அவள் திருஷ்டி கழிக்கும் காய்ந்த அதிரஸ்பான் செடியைக் கொளுத்தி அவன் தலையைச் சுற்றிப் புகை காட்டுவாள். அடுத்த வீட்டு மாடியிலிருந்து யாராவது விசில் அடிப்பார்கள். "குளிர்காலத்துலயும் இதே மாதிரிதானா தவ்ரென்?" என்று குரல் வரும். துணியை நீளக் கம்பால் தூக்கித் தனி வாளியில் போடுவாள். குல்ஸிராவும் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்திருக்கிறாள். புள்ளத்தாச்சியின் கோளாறு, போகட்டும் என்று நினைத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் நஸெர்கே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. முழங்கையின் உள்பக்கம் பழுப்பு நிறத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள், மீன்வலையை ஒட்டிவைத்தமாதிரி.

"இது என்ன கண்ணு?"

"அயோடின் வலை அத்தே." நஸெர்கே சட்டென்று கையை இறக்கினாள். "சாயங்காலம் வரைஞ்சா காலைக்குள்ள காணாமப் போயிடுது. உடம்பு தாகமா இருக்குன்னு அர்த்தம். கதிர்வீச்சு உள்ள இருக்கற அயோடினை எல்லாம் தின்னுடுதாம்."

"தொண்டை மாத்திரைதான் சாப்பிடறியே, அப்புறம் என்ன?"

நஸெர்கே மாவை ஓங்கிக் குத்தினாள். குல்ஸிரா மேலே கேட்க நேரமில்லாதவள்போல மருமகளின் அறைக்குள் போய், அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

"எப்போ நிறுத்தினே?"

"ஜூலையில."

"ஏன்டீம்மா?"

"அது ரசாயனம் அத்தே. கதிர்வீச்சு போதாதுன்னு ரசாயனம் வேறயா பிள்ளைக்கு? அதான் ஷுபாத் குடிக்கறேனே, மூணு வேளையும். எல்லாத்தையும் கழுவிடும்னு நீங்கதானே பலகை வச்சு விக்கறீங்க. ஊருக்குச் சொன்னது வீட்டுக்குப் பொருந்தாதா?"

குல்ஸிரா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நாற்காலிகூட இல்லை, தரையில்.

ஊர் மருத்துவ நிலையத்தில் ஒரே நர்ஸ், ஜாமல். வாய் கொஞ்சம் நீளம். ஓடிவந்த குல்ஸிரா சொன்னதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"இப்போ பிள்ளைக்கு மூளை வளர்ற நேரம். தாய்க்கு அந்தச் சுரப்பு குறைஞ்சா பிள்ளைக்கும் ஆபத்து, முன்னாடி ரெண்டு போன மாதிரி இதுவும் போகலாம். இன்னைக்கே கூட்டிட்டு வா, ரத்தம் எடுத்து அனுப்பறேன். மாத்திரையை நாளைக் காலைல ஆரம்பிச்சே ஆகணும்."

"அப்போ அந்த வலை?"

"அயோடினைத் தட்டுல ஊத்தி வச்சாலும் பறந்துதான் போகும். தட்டுக்கும் தாகமா?"

"அங்க நெசமாவே ஒண்ணும் இல்லையா அக்கா? கதிர்வீச்சு?"

"அங்க இருக்கறது ஓட்டை. ஓட்டைக்குள்ள மண்ணு. நிலையமே வராம கதிர்வீச்சு எப்படி வரும்? மாப்பிள்ளையே பாக்காத பொண்ணுக்கு மசக்கையா?"

குல்ஸிராவுக்குப் பாதி உயிர் திரும்பியது. அப்போதுதான் கட்டிலுக்கடியில் புடைத்துக்கொண்டிருந்த பையைப் பார்த்தாள். சட்டை, கம்பளி, டப்பா உணவு, மெழுகுவத்தி.

"எங்கயாவது ஊருக்கா அக்கா?"

"இல்ல. அவசரத்துக்கு."

"என்ன அவசரம்?"

"நிலையம் கட்டி முடிச்சப்புறம் வர்ற அவசரம்."

"இப்போதான் ஒண்ணுமில்லன்னீங்க!"

"இப்போ ஒண்ணுமில்ல. அதான் நிதானமா அடுக்கிட்டிருக்கேன்." ஜாமல் காலால் பையை உள்ளே தள்ளினாள். "நர்ஸுன்னா பயப்படக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

திரும்பி வரும் வழியிலேயே குல்ஸிரா கடைக்குப் போய்ப் பலகையைக் கழற்றினாள். வீட்டுக்கு வந்து மருமகளை எதிரே உட்காரவைத்து, ஷுபாத் எதையும் கழுவாது, அது வெறும் பால், மாத்திரைதான் பிள்ளையைக் காக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் விற்றது வாய்வழிப் பேச்சு, அதற்குமேல் ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். நஸெர்கே இமைக்காமல் கேட்டாள். "சரி அத்தே" என்றாள். ரத்தம் கொடுக்கப் போகலாம் என்றதற்கு, "நாளைக்கு" என்றாள்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று குல்ஸிரா நினைத்திருந்தாள். மறுநாள் கடையில் பாட்டில்களை அடுக்குவதற்குள் க்லாவா மீன்கத்தியோடு வந்து நின்றாள்.

"பலகையை எடுத்து என்ன காரியம் பண்ணியிருக்கே தெரியுமா? கேன்டீன்ல லாரிக்காரங்க பேசிக்கறாங்க, 'ஷுபாத்துக்கே கேக்கலையாம்'னு. அவ்வளவு பலமான கதிர்வீச்சாம். நேத்து வரைக்கும் என் மீனைப் பாத்தாவது சிரிச்சாங்க. இன்னைக்கு வண்டிய நிறுத்தக்கூட இல்ல."

"அய்யோ, அது வெறும் பால்னுதானே க்லாவா எடுத்தேன்!"

"அதைத்தான் யாரும் நம்பலையே."

மத்தியானம் வழக்கமாக வாங்கும் ஒரு பெரியவர் வந்தார். கழுவாது, சும்மா குடிக்கத்தான் என்று குல்ஸிரா விளக்கியதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினாங்களாம்மா? வாயால சொல்ல வேணாம். கண்ணை மட்டும் அசைங்க, புரிஞ்சுக்கறேன்" என்றார். காற்றில் மணல் பறந்ததில் அவளுக்குக் கண் அசைந்துவிட்டது. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறினார்.

வீட்டில் நஸெர்கே ஷுபாத்தை நிறுத்தினாள். மாத்திரையை ஆரம்பிக்கவில்லை. சாப்பாட்டையும் பாதியாக்கினாள். "நாளைக்கு" என்பது மூன்றாம் நாளும் நாளையாகவே இருந்தது. அன்று மாலை, அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அங்கே தல்திகோர்கானில் நல்ல டாக்டர்கள் உண்டு, போய்வரட்டும் என்று குல்ஸிராவும் ஒப்புக்கொண்டாள். விடியலில் எழுந்து வழிக்கு ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கறவைக்குப் போனாள். பயணம் போகிறவர் அந்த ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவார். கடித்த மீதி வீட்டில் காத்திருக்கும். திரும்பி வந்து அவர்தான் அதைச் சாப்பிட வேண்டும். பட்டாளத்துக்குப் போகிற பையனிலிருந்து சந்தைக்குப் போகிற கிழவர் வரை யாரும் அதை மறப்பதில்லை.

பால் பாத்திரத்தோடு உள்ளே வந்தபோது வீடு காலியாக இருந்தது. ரொட்டி முழுசாக இருந்தது.

கடித்த தடம் இல்லை. குல்ஸிரா துணியைப் பிரித்து ரொட்டியைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று அப்புறம் ஞாபகமில்லை. சூடு ஆறாத ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் நஸெர்கே ஒரு சின்னப் பையோடு நின்றிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

"மறந்துட்டியே கண்ணு. ஒரு கடி கடிச்சுட்டுப் போ."

"வேணாம் அத்தே."

"ஒரே ஒரு கடி."

"திரும்பி வர்றப்போ நான் இதே ஆளா இருக்க மாட்டேன். அப்புறம் எதுக்கு?" அவள் கை வயிற்றின்மேல் போய்விட்டு, சுட்டதுபோல விலகியது. "அம்மாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காராம். பேசிட்டாங்க."

குல்ஸிராவுக்கு முதலில் புரியவில்லை. பிள்ளையைக் கலைக்கப் போகிறாள் என்று புரிந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"அந்தக் காரியம் பண்ணாதடீ!"

"பின்ன என்ன பண்ண? ஷுபாத்துக்கும் கேக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. உள்ள எப்படி இருக்கோ. பொறந்து அது கஷ்டப்படணுமா? உங்க தம்பி காலைப் பத்தி நீங்கதானே அழுதுட்டே சொன்னீங்க!"

"அங்க வெடிச்சது குண்டு கண்ணு. இங்க வெறும் ஓட்டை. அதுல ஒண்ணும் இல்ல."

"ஓட்டை போட்டா உள்ள இருக்கறது வெளிய வரும்தானே?"

"என் தம்பி கால் ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அங்கயும் அதைத்தானே சொன்னாங்க, உங்க அம்மாகிட்ட?"

குல்ஸிராவின் அம்மாவிடம் அதைத்தான் சொன்னார்கள். தூரத்தில் வெயிலில் நடுங்கிக்கொண்டு பஸ் தெரிந்தது. உண்மை எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, ஒன்றும் ஒட்டவில்லை. ரொட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். குட்டி வாயை எடுத்துவிட்டது, இப்போதே கை வைக்க வேண்டும் என்கிற பதைப்பு அவளுக்கு வந்தது.

"பலகையை ஏன் எடுத்தேன் தெரியுமா?" என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "ஷுபாத் தனியா வேலை செய்யாது. அதனாலதான் எடுத்தேன். உன் தொண்டை மாத்திரை இருக்குல்ல, காலைல வெறும் வயித்துல முதல்ல அது உள்ள போகணும். போய் வழி திறக்கணும். வெயில் நல்லா ஏறினப்புறம் ஷுபாத். ரெண்டும் சேர்ந்தாத்தான் கழுவும். எங்க அம்மாகிட்ட மாத்திரை இல்ல. பாலை மட்டும் ஊத்தினா. அதான் தம்பிக்குப் பலிக்கல."

நஸெர்கே திரும்பினாள். "யார் சொன்னா?"

"ஜாமல்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"மாத்திரைன்னாலே ரசாயனம்னு ஓடறே, எப்படிச் சொல்ல?"

"ரொட்டி மேல கை வச்சுச் சொல்லுங்க."

சாரிஜாகாவில் யாரும் விளையாட்டுக்கும் ரொட்டிமேல் சத்தியம் செய்வதில்லை. களவாடினவன்கூட அல்லாவின் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பானே தவிர ரொட்டியைத் தொட மாட்டான். குல்ஸிரா வலதுகையை விரித்து ரொட்டியின்மேல் வைத்தாள். அடியில் இன்னும் சூடு இருந்தது.

"ரெண்டும் சேர்ந்தா கழுவும். பொய்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்." வீட்டை என்று சொல்லவில்லை, வம்சத்தை என்று சொல்லவில்லை. என்னை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னாள்.

பஸ் புழுதியோடு வந்து நின்று கதவைத் திறந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"ஏறுறீங்களா இல்லையா? குடும்பச் சண்டையை வீட்டோட வச்சுக்கக் கூடாதா?"

நஸெர்கே அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, குல்ஸிராவின் கையிலிருந்தபடியே ரொட்டியைக் கடித்தாள். பெரிய கடி. மென்றபடியே பையை எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"ரொட்டி ஊட்டறதுக்கா நிறுத்தச் சொன்னீங்க?" என்று கத்திவிட்டு டிரைவர் கதவை அறைந்து சாத்தினான்.

மறுநாள் காலையிலிருந்து குல்ஸிராவின் கண்ணெதிரே மாத்திரை இறங்கியது. வெயில் ஏறியபின் ஒரு கிண்ணம் ஷுபாத். ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த மாதம் ரத்தம் நன்றாக வந்தது. மூச்சு விடலாம் என்றால், தவிப்பு இப்போது வேறு பக்கமாக வந்தது. ரொட்டி அடிப்பது என்றால் எப்படி அடிக்கும்? என்னை என்றுதான் சொன்னேன். ஆனால் என்னை எங்கே அடித்தால் வலிக்கும் என்று ரொட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? இரவு பிள்ளையின் கால்கள் கனவில் வந்தன. அவள் ரொட்டி சாப்பிடுவதை விட்டாள். சுடுவாள், பரிமாறுவாள், தான் தொட மாட்டாள். கென்ஜெதாய் கேட்டதற்குப் பல்வலி என்றாள்.

"என்ன பல்லு அது, ஆட்டெலும்பைக் கடிக்குது, ரொட்டியைக் கடிக்க மாட்டேங்குது?"

"என் பல்லு, என் இஷ்டம்."

வாக்களிக்கும் நாளில் நால்வரும் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாகப் போனார்கள். வெளியே வந்தபின் யார் எதற்குப் போட்டார்கள் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. கென்ஜெதாய் மட்டும் வீடுவரை பாடிக்கொண்டே வந்தான்.

நஸெர்கே போனில் தன் அம்மாவிடம் சொன்னது எந்தெந்த வாய் மாறிப் போனதோ, நவம்பரில் ஒரு லாரிக்காரன் கடையில் நிறுத்தி, "அம்மா, ஷுபாத்துக்கு முன்னாடி போடணுமாமே, அந்த மாத்திரை பேரு என்ன?" என்று கேட்டான்.

"உனக்கு வயித்துல பிள்ளையா?" என்று குல்ஸிரா கத்தினாள். "போ! போய் வண்டிய ஓட்டு!" அவன் பயந்துபோய் மீன் வாங்கிக்கொண்டு ஓடினான். க்லாவாவுக்கு அன்று அதுதான் முதல் விற்பனை.

கடுங்குளிரில், நகரத்து ஆஸ்பத்திரியில், பெண்குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எல்லாரும் மூக்கைப் பார்த்து யார் சாயல் என்று சண்டைபோட, குல்ஸிரா துணியை விலக்கிக் கால்களைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி விலக்கி, வலதுகாலை மட்டும் மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். குழந்தை எரிச்சலோடு அவள் கையை உதைத்தது. நல்ல உதை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தை தூங்க, அத்தையும் மருமகளும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். நஸெர்கே ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க அத்தே."

"வேணாம்மா. பல்லு."

"நீங்க சத்தியம் பண்ணின அடுத்த வாரமே ஜாமல் அக்காவைக் கேட்டேன்" என்றாள் நஸெர்கே. ரொட்டியை நீட்டிய கையை இறக்கவில்லை. "மாத்திரை வழி திறக்கும், ஷுபாத் கழுவும்னு சொன்னீங்களான்னு. சிரிச்சு சிரிச்சு அவங்களுக்கு இருமலே வந்துடுச்சு."

குல்ஸிரா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பின்ன ஏன்டீ தினம் முழுங்கினே?"

"ரொட்டி மேல பொய் சொல்ற அளவுக்கு உங்களுக்கு இந்தப் பிள்ளை வேணும்னு இருந்துச்சே. எனக்கு அதைவிட வேணுமே." நஸெர்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இனிமே எதுக்கும் சத்தியம் பண்ணாதீங்க. நான் நம்ப மாட்டேன்."

"சரி." கிண்ணத்தில் தேநீரை நிரப்பிக்கொண்டே குல்ஸிரா கேட்டாள்: "இப்போ பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? இப்பவும் அவர் சட்டைய வெளியதான் கழட்டறார். 'அது' நெசமாவே வந்து நின்னா இங்க இருப்பேனா, பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுவேனான்னு தெரியல." அவள் நிமிர்ந்தாள். "நீங்க மட்டும் என்னவாம்? ரொட்டியைத் தொட்டு எத்தனை மாசம் ஆச்சு?"

குல்ஸிரா அந்தத் துண்டை வாங்கிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினாள். அதற்குள் உள்ளறையில் குழந்தை அழுதது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.